பழைய ஃபைலைப் பார்த்து எழுதியவள் மகனுக்கு

இளங்கோ,

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததும் உன் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, "எந்த ஷிஃப்டுல ரிஜெக்ட் பண்ணாங்களாம்?" என்று கேட்டார். சுரங்கத்திலிருந்து ரிட்டயர் ஆகி இத்தனை வருஷமாகியும் இந்த மனிதருக்கு உலகத்தில் எது நடந்தாலும் ஏதாவது ஒரு ஷிஃப்டில்தான் நடந்தாக வேண்டும். "ரிஜெக்ட் ஆனது சொரங்கத்து கன்வேயர் பெல்ட்டு இல்லீங்க, தீசிஸு. அவன் கைடு திருப்பிக் குடுத்துட்டாராம். கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தா பாதிக்கு மேல செவப்பா வருதாம். எல்லாம் அடுத்தவங்க எழுதுன வரியாம்" என்றேன். கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். "ரிப்பேர் பண்ண டயம் குடுத்துருக்காங்களா?" ஆறு மாதம் என்றேன். அதற்குள் திருத்தித் தராவிட்டால் பிஎச்.டி. பதிவே ரத்தாகிவிடும் என்றும் சொன்னேன். "அப்ப இது பிரேக்டவுனு. ஸ்கிராப் இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

நீ கடைசியாகச் சொன்னதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. "வுட்டுட்டு வந்துடறேம்மா. அங்கயே சொரங்கத்துல காண்டிராக்ட்ல ஏதாவது வேலையப் பாத்துக்கினு இருந்துடறேன்" என்றாயே, அதை. ஐந்து வருஷம் கிணறு கிணறாக வெயிலில் அலைந்த பிள்ளை இப்படிச் சொன்னதும் எனக்குப் பேச்சு வரவில்லை. என் வாயை மூடவைக்க இந்திரா நகர் முழுக்க ஆள் கிடையாது என்பது உனக்கே தெரியும். அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமெல்லாம் இல்லைடா. நீ சொல்லச் சொல்ல, இந்தக் குற்றத்தில் முதல் ஆள் நான்தான் என்று எனக்குத் தெரிந்துபோனது. அதைப் போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ரகசியமாகவும் எழுதவில்லை, சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்துத்தான் எழுதுகிறேன். உன் அப்பா தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் நின்று ஒரு பத்தி படித்துவிட்டுப் போகிறார். பிள்ளைகளை வெளியூருக்குப் படிக்க அனுப்பியிருக்கிற நம் தெரு அம்மாக்கள் கேட்டாலும் எடுத்துக் காட்டுவேன். எனக்கென்ன வெட்கம் இனிமேல்.

சுரங்க நகரியத்தில் பூங்காவும் மரமும் பராமரிக்கிற ஒரு காண்டிராக்டர் ஆபீசில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். எப்படிப்பட்ட டைப்பிஸ்ட் என்பது தெரியாது. பண்ருட்டியில் தமிழ் மீடியத்தில் படித்து, இன்ஸ்டிட்யூட்டில் இங்கிலீஷ் டைப்பிங் பாஸ் பண்ணி வந்தவள். கை பறக்கும். என்ன அடிக்கிறேன் என்று மட்டும் எனக்குத் தெரியாது. முதல் வாரமே ஹெட் கிளார்க் லீவில் போய்விட்டார். பஸ் நிறுத்தத்தில் சாய்ந்து நிற்கிற வாகை மரத்தை வெட்ட அனுமதி கேட்டு ஒரு கடிதம் போக வேண்டும். நானே உட்கார்ந்து அகராதியைப் புரட்டிப் புரட்டி ஒரு பக்கம் எழுதினேன். மரம் குடிகாரன் மாதிரி சாய்ந்து நிற்கிறது, சின்னப் பிள்ளைகள் அதன் அடியில் நின்றுதான் ஸ்கூல் பஸ் ஏறுகிறார்கள், தயவுசெய்து அவர்கள் மேல் விழுவதற்கு முன்னால் வெட்டுங்கள் என்று. என் வாழ்க்கையிலேயே நான் சொந்தமாக எழுதிய முதல் இங்கிலீஷ் அது. எழுதி முடித்து இரண்டு தரம் எனக்கு நானே படித்துப் பார்த்துக்கொண்டேன், அவ்வளவு சந்தோஷம்.

திங்கட்கிழமை ஹெட் கிளார்க் அதை ஆபீஸ் நடுவில் நின்று சத்தமாகப் படித்தார். எல்லோரும் சிரித்தார்கள், டீ கொண்டுவந்தவர் உட்பட. அவருக்கு என்ன புரிந்ததோ! "கவிதாயினி அம்மா, இங்க பாருங்க. புதுசா எதையும் யோசிக்காதீங்க. பழைய ஃபைல எடுங்க, தேதிய மாத்துங்க, பேர மாத்துங்க, அடிங்க. ஏற்கெனவே ஒருத்தர் கையெழுத்துப் போட்ட இங்கிலீசுன்னா ஒருத்தனும் தப்புன்னு சொல்லமாட்டான்" என்றார். அன்றைக்கு நான் பாத்ரூமில் போய் அழுதேன். அதற்கப்புறம் பதினோரு வருஷம் அந்த ஆபீசில் ஒரு வரிகூடச் சொந்தமாக எழுதவில்லை. கவிதாயினி என்ற பட்டம் மட்டும் கடைசிவரை போகவில்லை.

இப்போது உன்னிடம் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன். மனதைத் திடப்படுத்திக்கொள். உனக்கு ஆறு வயதிருக்கும்போது நம் குவார்ட்டர்ஸ் பக்கத்துப் பூங்காவில் இருந்த ஊஞ்சலை நாலு பேர் வந்து வெட்டிக்கொண்டு போனார்கள், ஞாபகம் இருக்கிறதா? அந்த ஊஞ்சல் கிறீச் கிறீச்சென்று கத்துகிறது, சங்கிலிக்குக் கொஞ்சம் எண்ணெய் போடுங்கள் என்றுதான் நம் பிளாக்கில் குடியிருந்தவர்கள் மனு கொடுத்திருந்தார்கள். மனுவை மேலே அனுப்பக் கடிதம் அடிக்க வேண்டும். ஊஞ்சலுக்குப் பழைய ஃபைல் இல்லை. மரத்துக்கு இருந்தது. மரம் என்று இருந்த இடத்திலெல்லாம் ஊஞ்சல் என்று மாற்றி அடித்தேன். கையெழுத்தாகிப் போய், ஆர்டராகித் திரும்பி வந்தது. வந்தவர்கள் கடிதத்தில் உள்ளதை வரி பிசகாமல் செய்தார்கள். ஊஞ்சலை அடியோடு அறுத்தார்கள். வேர் மிச்சமில்லாமல் தோண்டினார்கள். மூன்று மூன்று அடித் துண்டாக நறுக்கி அடுக்கினார்கள். அகற்றியதற்கு ஈடாக அந்தக் குழியிலேயே ஒரு வேப்பங்கன்றும் நட்டு, தண்ணீர் ஊற்றி, முள்வேலியும் கட்டிவிட்டுப் போனார்கள். நீ மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு ஓடிவந்து, "அம்மா, ஊஞ்சல வெட்டிட்டு அங்க செடி வச்சிருக்காங்கம்மா, அதுல எப்ப ஊஞ்சல் காய்க்கும்?" என்று கேட்டாய். நான் தோசை திருப்புவதுபோல அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். மறுநாள் கடித நகலோடு ஹெட் கிளார்க்கிடம் போய் நின்றால், அவர் கடிதத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இங்கிலீசு சரியாத்தானம்மா இருக்கு" என்றார்.

சரி, இதிலிருந்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. அந்த ஆபீஸ் வித்தையைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். நாலாம் வகுப்பில் 'என் அம்மா' என்று இங்கிலீஷில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நோட்ஸ் புத்தகத்தில் இருந்ததை உன்னை மனப்பாடம் செய்யவைத்தேன். அதில் வருகிற அம்மா ஒரு டீச்சர். விடியற்காலையில் எழுந்து பூப்பறிப்பாள், வீணை வாசிப்பாள், யாரிடமும் கோபப்படமாட்டாள். "அம்மா, நீ டீச்சர் இல்லியே? ஒனக்கு வீணையும் தெரியாதே?" என்றாய். கோபத்தைப் பற்றி நீ கேட்கவில்லை, பயந்திருப்பாய். "தெரியாட்டி என்னா? எழுது, மார்க் வரும்" என்றேன். பத்துக்கு ஒன்பது வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் தன் அம்மா பீடி வாசனை பிடிக்காமல் அப்பாவை வாசலில் உட்காரவைப்பாள் என்று சொந்தமாக எழுதிவிட்டு மூன்று வாங்கினாள். நான் உன்னைத் தூக்கிச் சுற்றினேன். அப்புறம் ஒரு பெரிய கோடு போட்ட நோட்டு வாங்கிக்கொடுத்தேன். எங்கே நல்ல இங்கிலீஷ் வாக்கியத்தைப் பார்த்தாலும் அதில் எழுதிவை, வேண்டும்போது எடுத்து ஒட்டிக்கொள் என்றேன். நீயும் என் பிள்ளைதானே, எழுதினாய். காலேஜிலும் எழுதினாய். ஆராய்ச்சிக்குப் போனபின் நோட்டு போய் லேப்டாப் வந்தது. பெரிய பெரிய ஆட்கள் எழுதிய கட்டுரையிலிருந்து வாக்கியங்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன் என்று நீ போன தீபாவளிக்கு வந்தபோது சொன்னாயே, எனக்குப் பெருமையாக இருந்ததடா. சத்தியமாகப் பெருமையாக இருந்தது.

கேட்டுக்கொள். அதற்காக நீ செய்தது சரி என்று சொல்லவரவில்லை. எடுத்தது எடுத்ததுதான். எங்கே எடுத்தாய் என்று சொல்லாமல் எடுத்தால் அது அடுத்தவர் உழைப்பு. உன் கைடு கோபப்பட்டதில் தப்பில்லை. ஆனால் நீ திருடன் இல்லை. சொந்தமாக ஒரு வரி எழுதினால் ஊரே சிரிக்கும் என்கிற பயத்தைப் பரம்பரைச் சொத்து மாதிரி நான் உனக்கு எழுதிவைத்தேன், நீ அதை அனுபவிக்கிறாய். இதைப் படித்துவிட்டு உன் அப்பா, "என் சொத்து எதுவும் எழுதி வெக்கலியா?" என்கிறார். அவர் முப்பது வருஷம் லாக் புக்கில் 'எல்லாம் சரியாக ஓடுகிறது' என்கிற ஒரே வாக்கியத்தைத்தான் எழுதினார். அவரையெல்லாம் இதில் சேர்க்க முடியாது.

அந்தச் சிவப்புக் கோடு போட்ட ஃபைலை எனக்கு அனுப்பச் சொன்னபோது, "ஒனக்கு எதுக்கும்மா?" என்றாய். எதற்கென்றால், நான் பார்க்க வேண்டும். மெயின் பஜாரில் கலர் பிரிண்ட் போடக் கொடுத்தேன். கடைக்காரர் பத்துப் பக்கம் போனதும் மெஷினை நிறுத்திவிட்டு, "என்னாங்கம்மா எல்லாம் செவப்பாவே வருது? மிஷின்ல கோளாறு போலக்குது" என்றார். "மிஷின்ல இல்லப்பா, எங்க பையன்கிட்டதான் கோளாறு. நீ போடு" என்றேன். இரண்டு நாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படித்தேன். உன் அப்பாவும் எதிரில் உட்கார்ந்து நான் படித்துமுடித்த பக்கங்களை வாங்கிப் பார்த்தார். மூன்றாம் பக்கத்திலேயே தூங்கிப்போனார். எழுந்து மறுபடி புரட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்டார் பார். "ஏன்டி, இதுல முத்தாண்டிக்குப்பத்துக் கெணறு எங்க இருக்குது?" தேடினேன். எனக்கும் கிடைக்கவில்லை.

சித்திரை வெயிலில் அந்தக் கிணற்றை நீ அளந்தபோது நானும்தானே கூட வந்தேன், குடையும் நோட்டும் எடுத்துக்கொண்டு? முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்த சரோஜா அக்கா உன்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா தம்பி, மாசா மாசம் வந்து டேப்ப வுட்டு அளந்துகினே இருக்க. எங்கூட்டு கெணத்துத் தண்ணி எங்கதான் போவுது, அதச் சொல்லு மொதல்ல" என்றாள். நீ மோட்டார் கொட்டகைப் படியில் உட்கார்ந்து சொன்னாய்: "அக்கா, ஒங்க குக்கர்ல ஆவி அடைஞ்சிருக்குல்ல, அந்த மாதிரி நெலக்கரிக்கு அடியில தண்ணி அழுத்தமா இருக்கு. அத எறைக்காம வுட்டா சொரங்கத்துத் தரையப் பொத்துக்கினு வந்துடும். அதான் ராவும் பகலும் எறைக்கறாங்க. ஒங்க கெணறு மேல் அடுக்குத் தண்ணி. கீழ எறைக்கறதால மேல எறங்குதா, சுத்திப் போட்ட போர்வெல்லுங்களால எறங்குதா, மழ கொறைஞ்சதாலயா, மூணையும் பிரிச்சிப் பாக்கணும். இன்னும் ரெண்டு மழ பாக்கணும்கா. இப்பவே சொன்னா அது பொய்யி." அக்கா உன்னை ஏற இறங்கப் பார்த்தாள். "படிச்ச புள்ள ஒன்னு தெரியலன்னு சொல்லி இப்பத்தான் பாக்குறேன்" என்று சொல்லி இரண்டு கை முந்திரியை அள்ளி என் மடியில் போட்டாள். அவள் புரிந்துகொண்டாள். எனக்கும் புரிந்தது. நீ சொன்ன அதே விஷயம் ஆய்வேட்டில் ஒன்பது வரி நீளத்துக்கு ஒரே வாக்கியமாக இருக்கிறது, ஒன்பது வரியும் சிவப்பு. அதை நாலு தரம் படித்தும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்குப் புரிந்ததா என்று உன் நெஞ்சைத் தொட்டு நீயே சொல்.

கடைசியில் பின்னிணைப்பில் ஓர் அட்டவணை இருக்கிறது. கிணற்றின் எண், ஆழம், தேதி, அப்புறம் குறிப்பு என்று ஒரு கட்டம். அந்தப் பக்கங்களில் மட்டும் பொட்டுச் சிவப்பு இல்லை. பத்து மணிக்கு மேல் தண்ணீர் இறங்கி மோட்டார் காற்று இழுக்கிறது என்று உரிமையாளர் சொன்னார், நான் பத்து இருபது வரை காத்திருந்தேன், இழுத்தது. கிணற்றில் ஆமை இருந்தது, அளவை அது பாதிக்கவில்லை. இந்த வீட்டில் சண்டை நடந்ததால் இந்த மாதம் அளக்கவில்லை. எல்லாம் உன் இங்கிலீஷ். கொஞ்சம் நொண்டுகிறதுதான். ஆனால் படிக்கும்போது எனக்கு அந்தக் கிணறு தெரிந்தது, ஆமை தெரிந்தது. உலகத்தில் இருக்கிற எல்லா எழுத்தையும் போட்டுத் துழாவியும் அந்த மெஷினால் இப்படி ஒரு வரியை வேறு யாரிடமும் கண்டுபிடிக்க முடியவில்லை. உன் அப்பா அந்தப் பக்கங்களை மட்டும் தனியாக எடுத்து முழுதும் படித்தார். "இந்த ஆளு எழுதத் தெரிஞ்சவன்" என்றார். உன்னைத்தான் சொல்கிறார்.

நன்றிப் பக்கத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை, சொல்லிவிடுகிறேன். என் பெற்றோரின் எல்லையற்ற அன்புக்கும் தன்னலமற்ற தியாகத்துக்கும் என்று ஆரம்பித்து எங்களுக்கு நீ சொல்லியிருக்கிற நன்றி இருக்கிறதே, அதுவும் முழுச் சிவப்பு. எங்கிருந்து எடுத்தது என்று ஓரத்தில் போட்டிருக்கிறது. எங்கேயோ வடக்கே கோழித் தீவனத்தில் ஆராய்ச்சி செய்த ஒருவர் தன் அம்மாவுக்குச் சொன்ன நன்றி. முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவரும் சிரித்தார். அவர் எழுந்து போனபின் அழுதேன். இத்தனை வருஷத்தில் உனக்கு என்னிடம் சொல்ல ஒரு வார்த்தைகூடச் சொந்தமாக இல்லாமலா போய்விட்டது? இருந்திருக்கும். அது நல்ல இங்கிலீஷாக இருக்காது என்று பயந்திருப்பாய். அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு முகத்தைக் கழுவினேன்.

நீ வீட்டுக்கு வரலாம். உன் வீடு, கதவு திறந்துதான் இருக்கும். ஆனால் எழுத வரவில்லை என்று வராதே, அது பொய். அந்தக் குறிப்புக் கட்டத்தை எடுத்து முன்னால் வை. ஒவ்வொரு கிணறாக உட்கார்ந்து, சரோஜா அக்காவுக்குச் சொன்ன மாதிரி சொல். முதலில் தமிழில் வந்தால் தமிழில் வரட்டும், கலந்து வந்தால் கலந்து வரட்டும். அடுத்தவர் சொன்னது வேண்டுமென்றால் அவர் பேரைச் சொல்லி எடு. தப்பாக இருந்தால் திருத்த அங்கே ஆள் இருக்கிறார்கள். அதற்குத்தானே அவர்களுக்குச் சம்பளம்.

சும்மா உபதேசம் பண்ணுகிறாளே என்று நினைப்பாய். அதனால் நானே ஒரு காரியம் செய்திருக்கிறேன், திட்டாதே. உன் கைடுக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினேன். எழுதி முடிக்க மூன்று நாள் ஆயிற்று. எந்த ஃபைலையும் பார்க்கவில்லை, அகராதியைக்கூடத் தொடவில்லை. ஐயா, என் மகன் திருடன் இல்லை, அவனுக்கு இப்படி எழுதக் கற்றுக்கொடுத்தது நான், எனக்கு ஒரு ஆபீஸ் கற்றுக்கொடுத்தது. அவனுக்குச் சொந்தமாக எழுத வரும், கடைசிப் பக்கங்களில் ஆமையைப் பாருங்கள். எல்லாக் கிணற்றையும் அவனே அளந்தான், குடை பிடித்தவள் நான், நான் சாட்சி. இவ்வளவுதான் எழுதினேன். நிறையத் தப்பு இருக்கும். அவர் அதை நடு டிபார்ட்மெண்டில் நின்று படித்தாலும் படிக்கட்டும், இந்தத் தடவை நான் பாத்ரூமுக்குப் போகமாட்டேன். உன் அப்பா, "வேணாம்டி, பையன் மானம் போயிடும்" என்று கேட் வரைக்கும் பின்னாலேயே வந்தார். போய் ஸ்பீட் போஸ்டில் போட்டுவிட்டுத்தான் வந்தேன். இந்தக் கடிதத்தை உன் அப்பா போட்டோ எடுத்து இன்றைக்கே உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். நான் போஸ்டில் போட்டது உன் கைடு கைக்கு வியாழக்கிழமை போய்ச் சேருமாம். அடியில் என் போன் நம்பரும் எழுதியிருக்கிறேன். வியாழக்கிழமை காலையில் நீ அவர் அறைக்குள் போய் நின்றால், உன் அம்மா என்ன சொல்லவருகிறாள் என்று அவருக்கு நீயே விளக்கிச் சொல்லலாம். நீ போகாவிட்டால் அவர் எனக்குத்தான் போன் போடுவார். நான் எடுத்து இங்கிலீஷில் பேசுவேன். எனக்கு இப்போது பயமில்லை. உனக்கு வேண்டுமானால் இருக்கட்டும்.

அம்மா